பீரோவில் கிடக்கும் அந்தப் புத்தகத்தை வெளியே எடுங்கள்

கிராம சபையில் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருகிறவர்களுக்கும், எதிரே ஜமுக்காளத்தில் உட்காருகிறவர்களுக்கும், முக்கியமாகப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் தங்கள் பெயர் இருப்பதே தெரியாத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் காங்கேயத்துக்கும் மூலனூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஊருக்குள் எந்தத் தானியம் வருகிறது, எது வருவதில்லை என்பது என் மில் தொட்டிக்குத் தெரியும். மாமனார் காலத்தில் கம்பும் சோளமும் சாமையும் மூட்டையாக வரும். இப்போது ரேஷன் கோதுமை வருகிறது, இட்லி மாவுக்கு அரிசி வருகிறது. சர்க்கரை வியாதி வந்தவர்கள் மட்டும் டவுனில் பாக்கெட்டில் வாங்கிய சாமையை அரைக்கக் கொண்டுவருகிறார்கள். இதே மண்ணில் விளைந்ததுதான், ஆனால் பாக்கெட்டில் வருகிறது. சரி, அது வேறு கதை.

ஊரில் உள்ள செடி கொடி, உயிரினங்களை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டிய அந்தப் பல்லுயிர்க் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். தெரிய வந்தது தற்செயலாக. வீட்டு வரி கட்டப் போயிருந்தேன். ரசீதுப் புத்தகத்தைத் தேடி அங்கிருந்தவர் பீரோவைக் குடைந்தபோது, பழைய வாக்காளர் பட்டியலுக்கும் கொரோனா காலத்து மாஸ்க் டப்பாவுக்கும் நடுவிலிருந்து ஸ்பைரல் போட்ட தடிப் புத்தகம் ஒன்று நழுவி விழுந்தது. அட்டையில் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ என்று போட்டு, கீழே எங்கள் ஊராட்சியின் பெயர். முதல் பக்கத்தில் உறுப்பினர் பட்டியல். ஐந்தாவது பெயர் என்னுடையது. கையெழுத்தும் என்னுடையதேதான். எப்போது போட்டேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். மகளிர் குழுக் கூட்டத்தில் ஏதோ தாளை நீட்டினார்கள், போட்டிருக்கிறேன். குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றன 2004-ஆம் ஆண்டு விதிகள். அந்தக் கணக்குக்கு ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

ஒரு ராத்திரிக்குக் கொடுங்கள், படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

எங்கள் ஓடையில் தண்ணீர் ஓடுவதே ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள். பதிவேட்டில் விரால், கெளுத்தி, அயிரை என்று ஒரு பக்கம் முழுக்க மீன். நெல் வகைகள் ஒன்றரைப் பக்கம். நெல்லை நாங்கள் அரிசியாகத்தான் பார்த்திருக்கிறோம். மரங்களில் தேக்கு உண்டு, கிளுவை இல்லை. புல் என்று ஒரு பத்தி இருக்கிறது, அதில் ‘அருகம்புல்’ என்ற ஒரே சொல். கொழுக்கட்டைப் புல் இல்லை. வீட்டு விலங்குகள்: பசு, எருமை, ஆடு, நாய். காங்கேயம் மாடு என்று எங்கேயும் கிடையாது, வெறும் பசு. காங்கேயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரின் பதிவேடு இது! பாரம்பரிய அறிவு உள்ளவர்கள் என்ற பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதி, சீல் வைத்திருந்தார்கள்.

எழுதிக்கொண்டு போன பையனைத் திட்டத் தோன்றவில்லை. வாரத்துக்கு எத்தனை ஊராட்சி முடிக்கச் சொன்னார்களோ. வேறு ஏதோ ஆற்றோர ஊரின் பதிவேட்டைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான் என்பது என் ஊகம். உங்கள் ஊர்ப் பதிவேடு இதைவிட நன்றாக இருக்கலாம். இருந்தால் சந்தோஷம். ஆனால் நீங்கள் அதைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

இது எப்படி இப்படி ஆனது என்று என் மகன் உதவியோடு தேடிப் படித்தேன். பல்லுயிர்ச் சட்டம் 2002-ல் வந்தது. அடுத்த ஆண்டே தேசிய பல்லுயிர் ஆணையம் வந்துவிட்டது. அதன் தலைமையகம் டெல்லியில் இல்லை, நம் சென்னைத் தரமணியில். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவும் ஊர் மக்களைக் கேட்டு ஒரு பதிவேடு எழுத வேண்டும். இதுதான் ஏற்பாடு. 2016 வரை நாடு முழுக்கப் பத்தாயிரம் குழுகூட அமைக்கப்படவில்லை. விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாநிலத்துக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. அப்புறம் பாருங்கள், 2016-லிருந்து நாலே வருஷத்தில் குழுக்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பதின்மூன்று வருஷம் நடக்காதது அபராத பயத்தில் நடந்தது. அபராதம் குழுவை உண்டாக்கும்; வேலிகளுக்கு நடுவில் போகும் இட்டேரித் தடத்தில் நடந்து செடி பெயர் கேட்டுவர ஆளை அனுப்பாது.

இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்பே, 1997-ல், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் பட்டுவம் என்ற ஊராட்சி, தன் எல்லைக்குள் உள்ள செடி கொடிகள் எல்லாம் தன் மக்களுடையவை என்று அறிவித்துவிட்டு, தானாகவே ஒரு பதிவேடு எழுத உட்கார்ந்தது. அங்கே யாரும் அபராதம் போடவில்லை.

‘நமக்கு எதற்கு? காடு இருக்கிற ஊருக்குச் சரி, வெயில் காயும் ஊருக்கு என்ன பல்லுயிர்’ என்று எங்கள் ஊரிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உலக நிலப்பரப்பில் இந்தியாவின் பங்கு 2.4 சதவீதம், இதுவரை பெயர் வைத்துப் பதிந்த உயிரினங்களில் 7 முதல் 8 சதவீதம் இங்கே. உலகில் அதிகச் செழிப்பும் அதிக ஆபத்தும் சேர்ந்து இருக்கும் இடங்கள் என்று குறித்த 36-ல் நாலு நம் நாட்டைத் தொடுகின்றன: இமயமலை, மேற்குத்தொடர்ச்சி மலை, வடகிழக்கு, நிக்கோபார். எங்கள் ஊர் இந்த நாலிலும் இல்லை. மேற்கே பார்த்தால் மலை தெரியும், அவ்வளவுதான். அந்த மலை மழையை வாங்கிக்கொண்டு மிச்சக் காற்றை எங்களுக்கு அனுப்புகிறது.

மலையில் இருப்பதை எண்ண ஆள் இருக்கிறார்கள். வரையாட்டைத் தமிழ்நாட்டில் 2024-ல் எண்ணியபோது 1,031, அடுத்த ஆண்டு 1,303. மிகவும் நல்ல செய்தி, அந்த வேலையைச் செய்தவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். ஆனால் எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் கல்கௌதாரிப் பறவை எத்தனை? யாரும் எண்ணவில்லை. போன தலைமுறையில் எத்தனை? அதையும் யாரும் எண்ணவில்லை.

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பழைய நூல்களில் பாறு, எருவை என்று வருமே, அவைதான். செத்த மாட்டை ஊர்க் கோடியில் போட்டால் மதியத்துக்குள் வட்டமிடும், சாயங்காலம் எலும்புதான் மிச்சம் என்று என் அப்பா சொல்வார். எப்போது அவை வராமல் போயின என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள். எம்.ஜி.ஆர். இருந்தபோது இருந்தது என்பார் ஒருவர். இல்லை, என் கல்யாணத்துக்குப் பிறகும் பார்த்தேன் என்பார் இன்னொருவர். எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை.

ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் ஒருவர் எழுதி வைத்திருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விபு பிரகாஷ். 1987-88-ல் அங்கே வெண்முதுகுக் கழுகின் கூடுகள் 353 என்று எண்ணி வைத்தார். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து எண்ணியபோது 150. மரத்தில் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த கழுகுகளையும், கீழே செத்துக் கிடந்தவற்றையும் கண்டார். முதல் எண்ணிக்கை கையில் இல்லாவிட்டால், 150 கூட்டைப் பார்த்துவிட்டு ‘நிறையத்தான் இருக்கிறது’ என்று யாரும் திரும்பி வந்திருப்பார்கள். பழைய நோட்டு இருந்ததால்தான் விசாரணையே தொடங்கியது. 2004-ல் பாகிஸ்தானில் ஆய்வு செய்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: மாட்டின் வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் போய்விடுகிறது. 2006-ல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் நிற்கவில்லை என்பதால், 2015-ல் குப்பியின் அளவையும் 3 மில்லிக்குக் குறைத்தார்கள். அதற்குள் வெண்முதுகுக் கழுகு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குப் போய்விட்டது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து 2023 கடைசியில் எண்ணியபோது எல்லா வகைக் கழுகும் சேர்த்து 320. நம் பக்கம் மிச்சம் இருப்பது பெரும்பாலும் மாயாறு பள்ளத்தாக்கில்.

எங்கள் ஊர் மாட்டுக்கார ஊர். அந்த ஊசி இங்கேயும் போட்டிருப்பார்கள். எங்கள் கழுகு எந்த வருஷம் போனது என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அந்த ஊசி எங்கள் சந்தைக்கு வந்த வருஷத்தோடு வைத்துப் பார்த்திருக்கலாம். அந்த வரி எங்களிடம் இல்லை.

பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நாள், மில்லின் பழைய கடன் நோட்டை எடுத்தேன். பின்பக்கம் நிறையத் தாள் காலியாக இருந்தது. அதையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு அமுச்சியிடம் போனேன். என்னைப் பெற்றவளின் தாய் இல்லை அவர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அமுச்சிதான். வயது எண்பது இருக்கும். இன்றைக்கும் எட்டு மேச்சேரி ஆடு ஓட்டிக்கொண்டு போகிறார்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொரங்காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கம் இருக்கும் மேய்ச்சல் நிலம் அது. மழை குறைந்த மண். சுற்றிலும் கிளுவை வேலி, உயிர் வேலி. நட்டால் தலைமுறைக்கு நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம், நிழலுக்கு ஒன்று, கோடையில் அதன் காயை உதிர்த்தால் ஆட்டுக்குத் தீனி. வருஷா வருஷம் யாரும் உழுவதில்லை, உரம் போடுவதில்லை. ஒரு காட்டில் மேய்த்து முடித்து, படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள்; முதல் காடு அதற்குள் தளிர்க்கும். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவில் வண்டி போகிற தடத்துக்கு இட்டேரி என்று பெயர். வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர்களுக்கு இது தரிசு. சோலார் கம்பெனிக்கு இடம் பார்க்க வருகிறவர் காரை விட்டு இறங்காமலே ‘சும்மா கிடக்குதே’ என்கிறார். காங்கேயம் காளை இந்தச் சும்மா கிடக்கிற நிலத்தைத் தின்று வளர்ந்ததுதான்.

அமுச்சி நோட்டைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாமா எழுதறாங்க? ஆடு திங்கறதையா?” என்று கேட்டார். எழுதத்தான் சட்டமே இருக்கிறது என்றேன். நம்பவில்லை. ஆனாலும் ஆட்டை மடக்கி நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கொழுக்கட்டைப் புல். துணியில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டன்புல். தரையோடு படர்ந்த செப்புநெருஞ்சி; இது அதிகமாக இருக்கிற காட்டில் ஆடு நன்றாகத் தேறுமாம். நரிப்பயறு, பஞ்ச காலத்தில் தானும் தின்றிருப்பதாகச் சொன்னார். வேலியில் பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி. ஒரே இட்டேரியில், கால் மைல் நடப்பதற்குள், நாற்பத்தொரு பெயர் எழுதினேன். அதில் ஏழெட்டு எனக்குப் புதிது. எங்கள் பதிவேட்டின் மொத்தச் செடிப் பட்டியலில் இந்த நாற்பத்தொன்றில் ஆறுதான் இருந்தன.

செடியோடு நிற்கவில்லை. சித்திரை வெயிலில் கல்மேல் ஏறி நின்று தொண்டையை விசிறி மாதிரி விரிக்கும் ஓணானைச் சொன்னார். ராத்திரி கத்தும் கண்கிலேடிப் பறவையைச் சொன்னார். “மழைக்காலம் முடிஞ்சா வருமே, தரைய மோந்துக்கிட்டே போற பருந்து, அது இப்ப ரெண்டு மூணு வருசமாக் காணமே அம்முணி” என்றார். எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. தாராபுரத்தில் பறவை பார்க்கிற ஒரு வாத்தியாரிடம் கேட்டேன். பூனைப்பருந்து என்றார். மத்திய ஆசியாவின் புல்வெளியிலிருந்து குளிருக்கு நம் புல்வெளிக்கு வந்து, ராத்திரி தரையிலேயே கூட்டமாகத் தூங்குமாம். கஜகஸ்தானிலிருந்து கொரங்காட்டை நம்பி ஒரு பருந்து வருகிறது, எங்கள் பதிவேடு அதை நம்பவில்லை.

அதே வாத்தியார்தான் பனங்காடையைப் பற்றியும் சொன்னார். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் இறக்கை நீலமாக மின்னும், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாடு முழுக்க 30,000 பேர் பதிந்த கணக்குகளை வைத்து 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 942 வகைகளைப் பார்த்து, 178-க்கு உடனடிக் கவனம் தேவை என்கிறார்கள். புல்வெளி, திறந்தவெளிப் பறவைகள்தான் மோசமாகக் குறைகின்றன. சாதாரணமாக எங்கும் தென்படுகிற பனங்காடையும் வேகமாகக் குறையும் வரிசையில் இருக்கிறது. ‘பட்டுப்போன பனையை வெட்டினால் அது எங்கே குஞ்சு பொரிக்கும்’ என்றார் வாத்தியார். அதன் பெயரிலேயே பனை இருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

செங்காந்தள் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலப் பூ. மூலனூர்ப் பக்கம் யாரும் அதைச் செங்காந்தள் என்று சொல்ல மாட்டார்கள். கண்வலிக் கிழங்கு என்பார்கள். விதையில் கோல்சிசின் என்ற மருந்துச் சத்து, மூட்டு வாதத்துக்கு. வெளிநாட்டுக்குப் போகிறது, கிலோ ஆயிரக்கணக்கில் விலை போனதுண்டு. காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் தோட்டத்தில் இறங்கி, ஒவ்வொரு பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். நானும் கல்யாணமான புதிதில் இரண்டு சீசன் போயிருக்கிறேன்; விரல் மஞ்சளாகிவிடும், கையைக் கழுவாமல் டீ குடிக்கக் கூடாது என்று திட்டுவார்கள், விஷம் அது. இந்தத் தோட்டங்களுக்கெல்லாம் முதல் கிழங்கு எங்கிருந்து வந்தது? வேலியிலிருந்து. இட்டேரி இட்டேரியாகத் தோண்டி எடுத்துக்கொண்டு போய் நட்டார்கள். இன்றைக்கு எங்கள் இட்டேரியில் ஒரு செங்காந்தளைக் காட்டுங்கள் பார்க்கலாம். நானும் அமுச்சியும் தேடியதில் ஒரே ஒரு கொடி, அதுவும் பூக்காதது.

இதில் உங்கள் குழுவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சட்டத்தின் 41-ஆம் பிரிவு, உங்கள் எல்லைக்குள் வந்து வியாபாரத்துக்காகச் செடி கொடி சேகரிக்கிறவரிடம் கட்டணம் வாங்க உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆவாரம்பூ, நெருஞ்சில், சிறுகுறிஞ்சான் என்று வேன் வைத்து வாங்கிப் போகிறார்களே, அவர்களிடம். எங்கள் ஊரில் இதுவரை ஒரு ரூபாய் வாங்கியதில்லை. எங்களுக்கு அந்த அதிகாரம் இருப்பதே தெரியாது. 2023-ல் சட்டத்தைத் திருத்தியபோது பயிர்செய்த மூலிகைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், கம்பெனிகளுக்குச் சாதகமாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த விலக்கு கேட்கிறவர், இது காட்டிலிருந்து பிடுங்கியதில்லை, பயிர்செய்ததுதான் என்று மூலச் சான்று வாங்க வரவேண்டிய இடம் உங்கள் குழுதான். எது எங்கே விளைகிறது என்று தெரியாத குழு எதைப் பார்த்துச் சான்று கொடுக்கும்?

அரிட்டாபட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். மதுரை மேலூர்ப் பக்கம். ஏழு குன்று, 72 ஏரி, இருநூறு சுனை, 250 வகைப் பறவை, தேவாங்கு, அழுங்கு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலும் சேர்த்து 193 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த 193-ஐயும் உள்ளே வைத்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிருக்கிறது என்ற செய்தி வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டசபையும் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தார்கள்.

இதில் நான் கவனித்தது டிசம்பர் கடைசியில் வந்த ஓர் அறிவிப்பை. ஏலம் விட்ட பகுதியின் எல்லையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மத்திய சுரங்க அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை, காரணமாகக் குறிப்பிட்டது அந்தப் பாரம்பரியத் தலத்தைத்தான். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் அது. எழுத்தில் இருந்தது அந்தப் பத்தில் ஒரு பங்கு மட்டும். ஜனவரி 23-ல் ஏலத்தையே ரத்து செய்தார்கள். வென்றது மக்கள் நடந்த நடைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடந்தவர்கள் கையில் ஒரு அரசாணையும் அதில் ஒரு பட்டியலும் இருந்தது. நாளைக்கு எங்கள் இட்டேரிக்கு எதாவது வந்தால், நாங்கள் விராலும் அயிரையும் எழுதிய புத்தகத்தைத்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

இதைப் பேசும்போது ஒரு சித்தப்பா எதிர்ப்பு சொன்னார். ‘எல்லாத்தையும் எழுதி வச்சா, எடுத்துட்டுப் போறவனுக்கு நாமளே லிஸ்ட் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா?’ நல்ல கேள்வி, எனக்கும் அந்தப் பயம் உண்டு. இருதலை மணியன் பாம்பை லட்சக்கணக்கில் விலை பேசி ஏமாற்றும் கும்பல் எங்கள் பக்கமும் வந்து போகிறது. அதனால் என் கட்சி இது: அழுங்கு இருக்கிறது என்று எழுதுங்கள், எந்தக் குழியில் என்று எழுதாதீர்கள். நட்சத்திர ஆமை, தேவாங்கு, உடும்பு எல்லாவற்றுக்கும் இதேதான். வைத்தியம் தெரிந்தவர் யார் என்று எழுதுங்கள். அவர் மருந்தின் கைப்பாகத்தை அவர் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள்.

எழுதாமல் விட்டால் பத்திரம் என்றும் இல்லை. அகத்தியர் மலையில் காணிப் பழங்குடியினர் நடக்கும்போது ஒரு செடியின் காயை வாயில் போட்டுக்கொண்டு களைப்பில்லாமல் ஏறுவதை, 1987-ல் கூடப்போன விஞ்ஞானிகள் கவனித்துக் கேட்டார்கள். ஆரோக்கியபச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. அந்த மருந்தை உருவாக்கிய திருவனந்தபுரம் நிறுவனம், கிடைத்த பணத்தில் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கியது. அன்றைக்கு அதைக் கேட்க ஒரு சட்டமும் இல்லை, கொடுத்தவர்கள் மனசு அது. எல்லோருக்கும் அந்த மனசு இருக்கும் என்று சும்மா இருக்க முடியுமா?

நான் கேட்பது ஒன்றும் பெரிய செலவு இல்லை. நம் மாநிலத்தில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை. தனி அலுவலர் காலமாக இருந்தாலும் சரி, தேர்தல் முடிந்து புதுத் தலைவர் வந்தாலும் சரி, கிராம சபை நடக்கும். வரவு செலவு வாசிக்கிற மாதிரி, அந்தப் பதிவேட்டில் பத்துப் பக்கத்தை மைக்கில் வாசியுங்கள். ஜமுக்காளத்தில் இருந்து சிரிப்பு வரும். வரட்டும். ‘அது நம்மூர்ல ஏது?’ என்று யாராவது கத்துவார்கள். அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள், அவர் கையில் பேனாவைக் கொடுங்கள். ஆடு மேய்க்கிறவர், பனை ஏறினவர், கிணறு வெட்டினவர், கீரை விற்கிறவர், தேன் எடுக்கிறவர் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு நூறு நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

அச்சடித்த படிவத்தில் எனக்கு ஒரு குறை. ‘இருப்பது’ என்பதற்கு இடம் இருக்கிற அளவுக்கு, ‘இருந்தது’ என்பதற்கு இடம் இல்லை. மார்ஜினில் எழுதிக்கொள்ளுங்கள். கழுகு, கடைசியாகப் பார்த்த வருஷம். வரகு, கடைசியாக விதைத்த காடு. ஊர்ப் பெரியவர்களுக்குள் வருஷத்தில் சண்டை வந்தால் இரண்டு வருஷத்தையும் எழுதுங்கள்.

அப்புறம், இட்டேரியைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் விடுவதற்கு முன்னால் ஒரு தடவை இந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ‘புதர் அகற்றுதல்’ என்று மதிப்பீட்டில் எழுதுகிறீர்கள். அமுச்சி சொன்ன நாற்பத்தொன்றும் அந்தப் புதருக்குள்தான் இருக்கின்றன.

என் கடன் நோட்டில் இப்போது நூற்றுப் பன்னிரண்டு பெயர். அதில் ஒன்பதுக்கு அமுச்சியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, புத்தகப் பெயர் தெரியவில்லை. வாத்தியார் ஒரு தாவரவியலாளரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் யாருக்காவது நகல் வேண்டுமானால் மில்லுக்கு வாருங்கள், காலை பத்து வரை கூட்டம் இருக்கும், அதற்கு மேல் வந்தால் பேசலாம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் திடலில் பந்தல் போடுவார்கள். நோட்டோடு நான் வருகிறேன். அமுச்சியும் வருகிறேன் என்கிறார், ஆட்டை அன்றைக்கு யாராவது பார்த்துக்கொண்டால். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் இப்போதே விசாரித்து வையுங்கள். போன தடவை ரொம்ப நேரம் தேட வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
குழுவின் ஐந்தாவது பெயர்